மண்ணுக்கேற்ற சப்பாத்து

சாலை என்பது மனிதன் தன் வசதிக்காகச் சமைத்துக்கொண்டது. மேடு வெட்டி, பள்ளம் நிரப்பி, கல்லும் தாரும் பரப்பிய பின், எந்தக் காலணியோடு வருபவரையும் அது ஏற்றுக்கொள்கிறது. மலைப்பாதையோ அத்தகையதன்று. மழையும் வேரும் பாறையும் சேர்ந்து உண்டாக்கிய தடம் அது. ஆகவே சாலையில் ஓடுபவர் தம் சப்பாத்து காலுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மலையில் ஓடுபவர் காலுக்கும் மண்ணுக்குமாக இரண்டு கணக்குப் பார்க்க வேண்டியவராகிறார். பலர் கவனியாது விடுகின்ற அவ்விரண்டாவது கணக்கைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

மலையில் ஓடுவதென்பது நம் வாசகர்களில் பலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். மைதானத்திலும் நகரச் சாலையிலும் ஓடுபவரைக் கண்டிருப்போம். காட்டினூடே, ஒற்றையடிப் பாதையில், ஏற்றமும் இறக்கமுமாகப் பத்து இருபது கிலோமீட்டர் ஓடி வருவதை உடற்பயிற்சியாகவும் போட்டியாகவும் மேற்கொண்டோர் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். மலேசிய மண்ணில் இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1938 ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்னும் கணக்காளரும் அவர்தம் நண்பர்களும் ஓர் ஓட்டக் கழகத்தைத் தொடங்கினர். முன்னே செல்பவர் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டு போக, மற்றவர்கள் அத்தடம் பற்றி ரப்பர்த் தோட்டங்களினூடும் புதர்களினூடும் ஓடினர். ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் எனப் பெயர்பெற்ற அக்கழகத்தின் கிளைகள் பின்னாளில் பல நாடுகளிலும் பரவின.

நாம் குடியிருப்பது பினாங்கில். பினாங்கு என்றதும், கப்பலேறிச் சென்று கடை வைத்த ஒரு பாட்டனாரின் நினைவு நம் குடும்பங்கள் பலவற்றில் எழும். அத்தீவின் துறைமுகத்தையும் கடைத்தெருவையும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் அறிந்த அளவுக்கு, அதன் நடுவே காடு போர்த்தி நிற்கும் மலையை நம்மவர் அறிந்தாரில்லை. 833 மீட்டர் உயரம் கொண்ட அம்மலைக்கு 1923 முதல் இழுவை இரயில் ஓடுகிறது. கால்வலு உள்ளோருக்கு வேறு வழிகளும் உள. 1884 இல் தோற்றுவிக்கப்பட்ட தாவரப் பூங்காவின் வாயிலருகே தொடங்கி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு செங்குத்தான வண்டிப்பாதை மேலேறுகிறது. அதனையன்றிக் காட்டுத் தடங்களும் பலவுண்டு. ஞாயிறுதோறும் சுபுஹுத் தொழுகை முடிந்த பின், நாமும் நண்பர் சிலரும் அங்கே கூடுவது வழக்கம். ஆசிரியர், தாதியர், கடைக்காரர், ஓய்வு பெற்றோர் எனப் பலதிறத்தாரும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லா இனத்தாரும் அக்கூட்டத்தில் இருப்பர்.

ஒரு காலைப்பொழுதில் நாம் நான்கு வகை மண்ணை மிதிக்கின்றோம். முதலாவது, வண்டிப்பாதையின் தாரும் சிமெண்டும். நிழலிருக்கும் இடங்களில் அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். இரண்டாவது, மழையில் குழைந்த செம்மண் களி. மூன்றாவது, உதிர்ந்த இலைகளுக்கடியில் ஒளிந்து கிடக்கும் வேர்கள். நான்காவது, கருங்கற்பாறை. ஏறும்போது இவற்றின் வேற்றுமை அவ்வளவாகத் தெரிவதில்லை. உடலின் பாரம் முன்பாதத்தில் அழுந்த, வேகமும் குறைந்திருப்பதால் கால் தவறினாலும் கையூன்றிச் சமாளித்துவிடலாம். இறங்கும்போதோ பாரம், வேகம், சரிவு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து பாதத்தை முன்னே தள்ளுகின்றன. சப்பாத்தின் தரம் தெரியவருவது இறக்கத்தில்தான்.

நம் தங்கை மகன் இதனை வலியோடு அறிந்துகொண்டான். இருபத்து நான்கு வயதினன், தொழிற்சாலையொன்றில் பணி. நகரச் சாலைகளில் ஓடிப் பழகியவன், ஒரு மழைக்கால ஞாயிறன்று தானும் மலைக்கு வருவதாகக் கூறி வந்தான். காலில் அணிந்திருந்தது விலையுயர்ந்த சப்பாத்து. பெயர்பெற்ற நிறுவனமொன்றின் தயாரிப்பு. பஞ்சுபோல் மெத்தென்றிருந்தது. ஆயின் அதன் அடிப்புறம் ஏறக்குறைய வழவழப்பாக இருந்தது. தார்ச்சாலைக்கென்றே செய்யப்பட்டது அது. ஏறும்போது நம்மையெல்லாம் பின்னே விட்டுச் சென்றவன், இறங்கும்போது ஒரு செம்மண் வளைவில் சறுக்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் கையை ஊன்றினான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தான்.

கட்டு அவிழ்த்த மறுவாரமே மீண்டும் மலைக்கு வருவதாகக் கிளம்பினான். அவன் தாய் சம்மதிக்கவில்லை. "காக்கா, கை முறிந்தது கூடிவிட்டது. தலை அடிபட்டிருந்தால் என் கதி என்ன? இனி அவன் மலைக்குப் போவதாயிருந்தால் நீங்கள்தாம் பொறுப்பு" என்று நம்மிடம் கூறிவிட்டாள். அதைக் கேட்டபின், அவனுக்குச் சப்பாத்து வாங்குவதென்பது வெறும் கடைவேலையாக நமக்குத் தோன்றவில்லை. ஒரு தாயின் அச்சத்துக்கு விடை சொல்ல வேண்டிய கடமையாயிற்று.

கடைக்குப் புறப்படுமுன் அவனிடம் நாம் கேட்டது ஒன்றே: "தம்பி, நீ எங்கே ஓடப் போகிறாய்?" "மலையில்தான் மாமா" என்றான். "மலை என்றால் எந்த மண்?" என்றோம். அவன் விழித்தான். பெரும்பாலோர் விழிக்கின்ற இடம் இதுதான். எந்த நிறுவனம் நல்லது, என்ன விலை, எந்த நிறம் என்று கேட்பவர்கள், எந்த மண் என்று கேட்பதில்லை. மண்ணைச் சொல்லிவிட்டால் சப்பாத்தின் பாதி இலக்கணம் தானே அமைந்துவிடும்.

மலைச் சப்பாத்தின் அடியில் ரப்பரால் ஆன பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அப்பற்களின் உயரமே முதலிற் காண வேண்டியது. இறுகிய மண்ணுக்கும் காய்ந்த பாதைக்கும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயரம் போதும். பலவகை மண்ணும் கலந்த பாதைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை ஏற்றது. ஆழ்ந்த சேற்றுக்கு 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். உயரத்தோடு இடைவெளியும் முக்கியம். பற்கள் நெருங்கியிருந்தால் களிமண் அவற்றிடையே அடைத்துக்கொள்ளும். பத்தடி ஓடுவதற்குள் அடிப்புறம் முழுதும் மண்கட்டியாகிவிடும். இடைவெளி அகன்றிருந்தால், பாதம் தரையை விட்டு எழும்போதே மண் உதிர்ந்துவிடும். நல்ல சப்பாத்துகள் பலவற்றில் முன்பாதத்துப் பற்கள் ஏற்றத்தில் மண்ணைப் பற்றித் தள்ளுமாறு ஒரு திசையிலும், குதிகாற்புறத்துப் பற்கள் இறக்கத்தில் தடுத்து நிறுத்துமாறு எதிர்த் திசையிலும் அமைந்திருக்கும். சப்பாத்தைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அவ்வாறாயின் பற்கள் உயர்ந்த சப்பாத்தே எங்கும் சிறந்ததோ எனின், அன்று. சேற்றில் பல் அழுந்திப் பிடிக்கும். ஈரப்பாறையிலும் சிமெண்டிலும் பல் அழுந்த இடமேது? அங்கே ரப்பரின் பரப்பு தரையோடு எவ்வளவு படிகிறது என்பதும், அந்த ரப்பர் எவ்வளவு மென்மையானது என்பதுமே பேசும். உயர்ந்த பற்கள் கொண்ட சப்பாத்து, பாறையில் அப்பற்களின் நுனிகளை மட்டுமே பதிப்பதால் ஆட்டம் கொடுக்கும். மென்மையான ரப்பர் பாறையை நன்கு பற்றும், ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். இரண்டையும் முழுமையாகத் தரும் ரப்பர் ஒன்று உண்டென்று யாரேனும் கூறினால், அதனை விற்பவர் வாய்ச்சொல்லாகவே கொள்ள வேண்டும். பாசி படர்ந்த சிமெண்டைப் பற்றியோ சொல்லவே வேண்டா. எந்தச் சப்பாத்தாலும் அதனை முழுதும் வெல்ல இயலாது. அங்கே நடந்து செல்வதே அறிவுடைமை.

அடிப்புறத்துப் பற்களுக்குப் பின்னே ஒரு துயரக் கதையும் உண்டு. 1935 ஆம் ஆண்டு இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில், வித்தாலே பிரமானி என்னும் மலையேறியின் தோழர்கள் அறுவர் உயிரிழந்தனர். அக்காலத்தில் ஆணி அடித்த கனத்த பூட்சோடு மலையடிவாரம் வரை செல்வர். பின் அதைக் கழற்றிவிட்டு, மெல்லிய அடியுள்ள காலணியோடு பாறையேறுவர். புயலும் பனியும் சூழ்ந்துகொண்டபோது அந்த மெல்லிய காலணி அவர்களைக் காக்கவில்லை. அத்துயரத்தை மறக்க இயலாத பிரமானி, பிரெல்லி என்னும் டயர் நிறுவனத்தின் துணையோடு, பற்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கி 1937 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். விப்ரம் என்று இன்று பல சப்பாத்துகளின் அடியில் காணும் பெயர், அவருடைய பெயரின் சுருக்கமே. 1954 இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியர், அவ்வகை அடியுள்ள பூட்சையே அணிந்திருந்தனர். அறுவரின் மரணத்திலிருந்து பிறந்த பொருளை நாம் இன்று விலைச்சீட்டைப் பார்த்துப் பேரம் பேசி வாங்குகின்றோம்.

இனி முதற்கணக்காகிய காலுக்கு வருவோம். மருமகனை நாம் கடைக்கு அழைத்துச் சென்றது மாலை நேரத்தில். பகல் முழுதும் நின்றும் நடந்தும் இருக்கையில் பாதம் சற்றே வீங்குகிறது. நெடுந்தூரம் ஓடும்போதும் அவ்வாறே வீங்கும். காலையில் பொருந்திய சப்பாத்து, பத்தாவது கிலோமீட்டரில் இறுக்கிப் பிடிப்பது இதனாலேதான். ஓடும்போது அணியும் காலுறையையே கடைக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கே சப்பாத்து. சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருக்கும். நீண்ட விரல் எதுவோ அதன் முன்னே, எழுந்து நின்ற நிலையில், ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

கடைக்காரர் மருமகனை மேலும் கீழும் நடக்கச் சொன்னார். கடையின் தளமோ கண்ணாடிபோல் சமமானது. நாம் வாயிலருகே இருந்த சரிவான நடைமேடையைக் காட்டி, அங்கே இறங்கி வர அவனை விடுமாறு வேண்டினோம். கடைக்காரர் முகம் சற்றுக் கோணினாலும் இசைந்தார். முதலில் அணிந்த இணையில், இறங்கும்போது அவன் விரல்கள் முன்னே சென்று மோதின. சமதளத்தில் அது தெரியவே இல்லை. ஆயிரக்கணக்கான அடிகள் இறங்கும்போது அந்தச் சிறு மோதலே நகத்தைக் கறுக்க வைத்து, ஈற்றில் கழன்று விழச் செய்கிறது. அடுத்த அளவை எடுத்தோம். அதில் விரல்கள் தப்பின. ஆனால் குதிகால் சற்றே எழும்பியது. நாடாவைக் கடைசித் துளைவரை கோத்து, அங்கே ஒரு வளையமிட்டு இறுக்கிக் கட்டியபோது குதிகால் அடங்கியது. விரலுக்கு விடுதலை, குதிகாலுக்குக் கட்டுப்பாடு, புறங்காலில் வலியின்றி இறுக்கம் ஆகிய இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால், சப்பாத்து காலுக்குப் பொருந்தியது எனலாம்.

கடைக்காரர் மற்றொன்றையும் எடுத்து வைத்தார். நீர் புகாத சவ்வு வைத்துத் தைத்தது, விலையும் கூடியது, மழை மிகுந்த பினாங்குக்கு இதுவே ஏற்றது என்றார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். குளிர்நாட்டில் பனியிலும் ஈரப்புல்லிலும் நடப்போருக்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. நம் ஊர் மழையோ கணுக்காலுக்கு மேலிருந்து வழிந்து உள்ளே இறங்குவது. ஓடையைக் கடக்கையில் முழங்கால் வரை நனைவது. உள்ளே புகுந்த நீரை அதே சவ்வு வெளியே விடுவதில்லை. வெப்பத்தில் காலே பாதி வேர்த்து நனைந்துவிடும். இத்தகைய நாட்டில் நீர் புகாத சப்பாத்தைவிட, புகுந்த நீர் விரைந்து வெளியேறும் வலைத்துணிச் சப்பாத்தே நலம். காலுறையும் பருத்தியாக இருத்தல் ஆகாது. பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறச் செய்யும். ஊறிய தோல் உரசி, கொப்புளமாகும்.

அடியின் கனத்தைப் பற்றியும் ஒரு சொல். குதிகாலும் முன்பாதமும் தரையிலிருந்து நிற்கும் உயரத்தின் வேற்றுமை, சப்பாத்துக்குச் சப்பாத்து மாறும். சிலவற்றில் அறவே இராது. சிலவற்றில் 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். உயர்ந்த குதிகாலில் பழகியவர் ஒரே நாளில் தட்டையான சப்பாத்துக்கு மாறினால், கெண்டைக்காலும் குதிநரம்பும் வலியெடுக்கும். சிறிது சிறிதாகவே மாற வேண்டும். நுரைமெத்தை கனத்திருந்தால் கல் குத்துவது தெரியாது, நெடுந்தூரத்துக்குச் சுகம். ஆனால் தரையிலிருந்து உயர உயர, கணுக்கால் பிறழும் வாய்ப்பும் கூடும். மெல்லிய அடியுடையதில் தரையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் பாதத்துக்குத் தெரியும்; கூர்ங்கல்லும் தெரியும். அதனைத் தடுக்கச் சிலவற்றில் மெல்லிய தகடு ஒன்றை இடையே வைத்திருப்பர்.

இவ்வளவும் கூறிய பின், வாசகர்கள் வியக்கத்தக்க ஒரு சப்பாத்தைப் பற்றிக் கூறாதிருத்தல் முறையன்று. நம் ஞாயிறுக் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் வருவார். எழுபதை எட்டியவர், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் இளமை முழுதும் பால்மரம் வெட்டியவர். அவர் அணிந்து வருவது முழுதும் ரப்பரால் ஒரே வார்ப்பாக ஆன கறுப்புச் சப்பாத்து. அடியில் உருண்டையான குமிழ்கள். பலசரக்குக் கடைகளில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைப்பது. அதனை "கம்போங் அடிடாஸ்", அஃதாவது கிராமத்து அடிடாஸ் என்று மலேசியர் வேடிக்கையாக அழைப்பர். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. சில நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய சப்பாத்தோடு இளைஞர்கள் தயங்கித் தயங்கி இறங்கும் களிமண் சரிவில், அப்பெரியவர் கையை வீசிக்கொண்டு இறங்கிப் போவார்.

ஒருநாள் அவரிடம் அதன் இரகசியத்தைக் கேட்டோம். "சப்பாத்துல பாதிதான் பாய், மீதி காலுல இருக்கு. விடியறதுக்கு முன்னால, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, வாளியோட சரிவுல இறங்கணும். குதிகாலைக் குத்தி வெச்சா வழுக்கும். முழுப் பாதத்தையும் வெச்சு, சின்னச் சின்ன அடியா போடணும்" என்றார். எந்த நூலைப் படித்தும் அவர் இதைக் கற்கவில்லை. வழுக்கினால் அன்றைய பாலும் போகும், கூலியும் போகும் என்னும் நிலை அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

அச்சொற்கள் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. பிரேசில் நாட்டு ரப்பர் மரத்தின் கன்றுகள், இலண்டன் கியூ பூங்கா வழியாக, 1877 இல் 22 என்னும் சிறு எண்ணிக்கையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால் வெட்டிய கைகளுட் பெரும்பாலானவை தமிழர் கைகள். உலகின் சப்பாத்துகளுக்கும் டயர்களுக்கும் ரப்பர் தந்த அம்மக்களில் பலர், வெறுங்காலோடு சரிவில் இறங்கியவர்கள். இந்த எளிய கறுப்புச் சப்பாத்து பின்னாளில் அவர்கள் காலுக்கு வந்தது. சபா மாநிலத்தில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு மலையின் வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் பலர் இதனையே அணிகின்றனர். அம்மலையில் 1987 இல் உலகளாவிய ஏற்றப் போட்டி தொடங்கப்பட்ட காலத்திலும், இத்தகைய எளிய காலணியோடு மலையை அறிந்த கால்கள் அங்கே இருந்தன.

அப்படியானால் எல்லோரும் பத்து வெள்ளிச் சப்பாத்தையே வாங்கிவிடலாமா? மருமகனும் இதையே கேட்டான். "மாமா, அவருக்கு அது போதுமென்றால் எனக்கு ஏன் இவ்வளவு செலவு?" கேள்வி நியாயமானது. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சப்பாத்தில் மெத்தை இல்லை, காற்று புகாது, அளவிலும் நுட்பம் இல்லை. அப்பெரியவரின் பாதம் அறுபது ஆண்டுகள் சரிவிலே பயின்ற பாதம். 1993 இல் அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டிலுள்ள லெட்வில் என்னும் ஊரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில், மெக்சிகோவின் ராராமுரிப் பழங்குடியைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ என்பவர் முதலிடம் பெற்றார். ஐம்பதைக் கடந்தவர். பழைய டயரை வெட்டித் தோல்வாரால் கட்டிய செருப்போடு ஓடியவர். அச்செருப்பை வாங்கிக்கொள்ளலாம், குழந்தைப் பருவம் முதல் பள்ளத்தாக்குகளில் ஓடி உரமேறிய அக்காலை எங்கே வாங்குவது? நாற்காலியிலும் சிமெண்டுத் தரையிலும் வளர்ந்த நம் பிள்ளைகளின் காலுக்கு மெத்தையும் தாங்கலும் வேண்டியிருக்கின்றன. அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அப்பெரியவரின் சப்பாத்து ஓர் உண்மையைச் சொல்கிறது: மண்ணை அறிந்து செய்த பத்து வெள்ளிப் பொருள், மண்ணை அறியாது வாங்கிய ஐந்நூறு வெள்ளிப் பொருளைவிட அந்த மண்ணில் பத்திரமானது.

கால் என்பது பேசும் உறுப்பு. இறுக்கினால் வலிக்கிறது என்னும். உரசினால் எரிகிறது என்னும். சப்பாத்தைத் தேர்வதென்பது ஈற்றில் அப்பேச்சைக் கேட்பதுதான். பேச்சிழந்த கால்களும் உண்டு என்பதை நம் வீட்டிலேயே கண்டோம். நம் பெரிய காக்காவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அந்நோய் நாளடைவில் பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடும். ஒருநாள் அவருடைய சப்பாத்துக்குள் சிறு கல் ஒன்று கிடந்திருக்கிறது. காலை முதல் இரவு வரை அதன்மேல் நடந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. இரவில் காலுறையில் இரத்தம் கண்டபோதே அறிந்தார். புண் ஆறவில்லை. ஈற்றில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரை நோய் நம் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாதம் மரத்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் மலைப்பாதையில் ஓடலாகாது. "போட்டுப் பார்த்தேன், சுகமாகத்தான் இருக்கிறது" என்னும் அவர்களுடைய சொல்லையும் நம்பலாகாது. அளந்தே வாங்க வேண்டும். அணியுமுன் சப்பாத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரவுதோறும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். நாளைக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவும் நமக்கு, அவ்வேளையிலேயே ஒரு நொடி உற்றுப் பார்ப்பது எளிது. கழுவிய பின் ஈரம் போகத் துடைத்துவிடுவதும் அவ்வாறே.

தங்கையின் மனத்தை மாற்றியவர் நாம் அல்லர். அந்தப் பெரிய காக்காதான். ஒரு மாலை அவர் வந்து அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றித் தம் பாதத்தை அவளுக்குக் காட்டினார். "ஓடி விழுந்து எனக்கு இது போகவில்லை, தங்கச்சி. உட்கார்ந்தே இருந்து போயிற்று. நம் வாப்பாவுக்கும் இந்த நோய்தான், எனக்கும் இதுதான். பிள்ளை ஓடட்டும். சரியானதைப் போட்டுக்கொண்டு ஓடட்டும்" என்றார். உடலுழைப்பு இந்நோயைத் தள்ளிப்போட உதவும் என்று மருத்துவர்கள் கூறுவதை நாமும் பலமுறை அவளிடம் சொல்லியிருந்தோம். விரலிழந்த அண்ணனின் வாயால் கேட்டபோதே அது அவள் நெஞ்சில் இறங்கியது. நெடுநேரம் பேசாதிருந்தவள், பின்னர் மகனை அழைத்து, "மழை பெய்தால் நடந்து வா" என்று மட்டும் சொன்னாள்.

வாங்கிய சப்பாத்தைப் பேணுவதிலும் பினாங்கு போன்ற ஈரநாட்டில் கவனம் வேண்டும். ஓடி வந்ததும் மண்ணைக் கழுவி, உள்மெத்தையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவது நன்று. சுடுவெயிலும் அடுப்பனலும் பசையை இளக்கிவிடும். "விலையுயர்ந்தது, விசேட நாளுக்கு ஆகட்டும்" என்று பெட்டியிலேயே பூட்டி வைப்பதும் பயனில்லை. பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன நடுவடி, காற்றின் ஈரத்தாலேயே சில ஆண்டுகளில் சிதைந்து, முதல்நாள் அணியும்போதே பொடிப்பொடியாக உதிர்வதுண்டு. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு சப்பாத்து உழைக்கும். அதன் மேற்புறம் புதிதுபோல் இருக்கலாம். அடிப்பற்கள் மழுங்கிவிட்டால் மலைக்கு அது ஆகாது. வீட்டு வேலைக்கோ சந்தைக்கோ அணிந்து தீர்க்கலாம்.

மருமகன் ஈற்றில் வாங்கியது 5 மில்லிமீட்டர் பற்களும் மென்மையான ரப்பரும் கொண்ட வலைத்துணிச் சப்பாத்து. அவன் முன்னர் அணிந்திருந்ததைவிட விலை குறைவு. நான்கு மாதம் கழித்து, 25 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்றில் கலந்துகொண்டான். பரிசு எதுவும் பெறவில்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பாசி படர்ந்த சிமெண்டுப் பாதையில் மற்றவர்கள் ஓடிக் கடக்க, இவன் முழுப் பாதமும் வைத்துச் சிற்றடியாய் நடந்தே இறங்கினானாம். அதனால் முப்பது நாற்பது பேர் முந்திவிட்டனர் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சொன்னதைக் கேட்ட தாயின் முகத்தைப் பார்த்தபோது, நம்மிடம் ஒப்படைத்த பொறுப்பு நிறைவேறிவிட்டதென்று அறிந்தோம்.

வாசகர்களுள் இளைஞர்களைப் பெற்றவர்கள், அவர்கள் ஓடத் துணிந்தால் தடுக்க வேண்டா. உடன் சென்று நல்லதொன்றைத் தேர்ந்து கொடுங்கள். பெயரைக் கேட்குமுன் மண்ணைக் கேளுங்கள். ஏற்றத்தை நினைத்து வாங்காமல் இறக்கத்தை நினைத்து வாங்குங்கள். காலையில் வாங்காமல் மாலையில் வாங்குங்கள். வாங்கிய பின்னும், இரவில் ஒருமுறை அவர்கள் பாதத்தை அவர்களே பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். ஓடும் காலம் முடிந்து நடக்கும் காலம் வந்த பின்னும் உடன் வரப்போவது அந்தப் பாதமே.